பச்சைக் கதவுக்கு முன்னால் மூன்று ஹாரன்

பாம்... பாம்... பாம்.

மூன்று தடவை. கூட ஒன்று கிடையாது, குறைச்சலும் கிடையாது. ஆட்டோவின் வலது பக்கம் வெளியே தொங்கும் ரப்பர் ஹாரனை முனிலட்சுமி அமுக்குகிற அமுக்கு பிக்கனகொத்தூர் ஏரிக்கரைத் தெரு முழுக்கக் கேட்கும். நேரம் காலை ஏழு ஐம்பது. வண்டி பச்சைக் கதவுக்கு முன்னால் நிற்கிறது. நவம்பர் மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எந்தப் பெண்ணும் புத்தகப் பையோடு வெளியே வந்ததில்லை. இது முனிலட்சுமிக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும், தெருவில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பெண் ரிப்பனை முடிந்து, செருப்பை மாட்டி, "வரேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடிவர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

கதவு திறக்கிறது. வருவது மாரம்மா, சுப்ரியாவின் அம்மா. கையில் துடைப்பம்.

"ஏம்மா முனிலச்சுமி, உனக்கு இன்னா பைத்தியமா? எம் பொண்ணு ரோஸ் கம்பெனிக்குப் போயி மூணு மணி நேரம் ஆவுது. தெனமும் வந்து ஊதுறியே, அவ இல்லன்னு தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும்க்கா. உங்களுக்கு மறந்துடக் கூடாதுன்னுதான் அடிக்கிறேன்."

மாரம்மா துடைப்பத்தைத் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போகிறாள். ஆட்டோ அடுத்த வீட்டுக்குப் போகிறது. வெல்டிங் கடை வைத்திருக்கும் லால் பாஷாவின் வாசலில், அவர் மகள் ஃபிசாவுக்காக மூன்று. கோயில் தெருவில் இரண்டு வீடுகளுக்குத் தலா மூன்று. கடைசியாக வாடகை வீட்டு வரிசையில், லாவண்யாவுக்காக மூன்று. ஐந்து வாசல், பதினைந்து ஹாரன், ஏறுவதற்கு ஒரு ஆள் கிடையாது. காலி வண்டியோடு ஊரைத் தாண்டுகிறாள். வழியில் யாராவது கை காட்டினால் நிறுத்த மாட்டாள். "சீட்டு காலியாத்தானே கீது?" என்று கத்தினால், "ஆளு இருக்குது" என்று திரும்பிப் பார்க்காமல் பதில் வரும். மெயின் ரோடு வந்த பிறகுதான் சவாரி. அதுவரைக்கும் அந்த ஐந்து இடமும் ஐந்து பெண்களுடையது. இதில் பேரம் கிடையாது.

வயது நாற்பத்து மூன்று. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. சட்டைப் பையில் லைசென்ஸும் ஒரு சீப்பும். சீப்பு அவளுக்கு அல்ல. தலை சரியாக வாராமல் ஓடிவரும் பெண்களுக்கு. வீட்டில் பேசுவது தெலுங்கு, அத்திப்பள்ளி சவாரியிடம் கன்னடம், பள்ளிக்கூடத்துப் பெண்களிடம் தமிழ். கோபம் வந்தால் ஒரே திட்டை மூன்று பாஷையிலும் திட்டுவாள். எதிராளி ஏதாவது ஒரு பாஷையில் புகுந்து தப்பிவிடக் கூடாதாம். கணவர் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறவர். அவரும் இந்த மூன்று பாஷையிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான்.

அவளுடைய டூல் பாக்ஸைத் திறந்து பார்த்தால் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். ஸ்பேனர், ஸ்பார்க் பிளக், இன்சுலேஷன் டேப். அதற்குப் பக்கத்திலேயே கறுப்பு ரிப்பன் ஒரு சுருள், ஊக்கு அட்டை, மூடி போட்ட நீலப் பேனா நாலைந்து, பேப்பரில் சுற்றிய நாப்கின் பாக்கெட் இரண்டு. ஒரு தடவை ஒரு மெக்கானிக் பையன் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "இது இன்னாக்கா?" என்று இளித்தான். "பிளக் போச்சுன்னா வண்டி நிக்கும்டா. இது இல்லன்னா பொண்ணு ஸ்கூலுக்குப் போறதே நின்னுடும். ரெண்டும் ஸ்பேர் பார்ட்ஸ்தான், இருக்கிற எடத்துலயே வை" என்றாள். அவன் வைத்தான்.

ஆட்டோவின் முதுகில் பெயிண்டர் வழக்கமாக எழுதுகிற வாசகத்தை எழுத வந்தபோதும் ஒரு சண்டை. பெண்ணின் திருமண வயது இருபத்தொன்று என்று எழுதப் பிரஷ்ஷைத் தோய்த்தவனைத் தடுத்து நிறுத்தினாள். "கல்யாண வயசையே எத்தினி வண்டியிலடா எழுதுவீங்க? அவளுக்கு வேற வேலையே இல்லியா?" என்று கேட்டுவிட்டு, '9.10' என்று பெரிதாக எழுதச் சொன்னாள். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதல் மணி அடிக்கிற நேரம் அது. பார்க்கிறவர்கள் ரூட் நம்பர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த முதல் மணியை அவள் மாணவியாகக் கேட்டதே இல்லை. ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் சானமாவு காட்டின் ஓரமாக ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். எட்டாவதில் கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கிக்கொண்டு வந்த மகளிடம் அப்பா சொன்ன ஒரே வார்த்தை: "யானை." அவ்வளவுதான், படிப்பு முடிந்தது. அவளுடைய அண்ணன் அண்ணாதுரை அதே வருஷம் அதே ரோட்டில் சைக்கிள் மிதித்தான். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாவது தடவை தேறினான். மூன்று வருஷமும் அவனை எந்த யானையும் மறிக்கவில்லை. சைக்கிளில் பஞ்சர் ஆகி இருட்டின பிறகு தள்ளிக்கொண்டு வந்த நாளில்கூட மறிக்கவில்லை. அடேங்கப்பா, எப்பேர்ப்பட்ட விவரமான யானை! தூரத்திலிருந்தே பார்த்து, இது பையன், விட்டுவிடலாம், இது பெண், மிதித்துவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறது போல. முனிலட்சுமி இதை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "யானைக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? மோந்து பாத்துட்டா விடுது?" என்பாள்.

ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவள் செய்த முதல் வேலை, எட்டாவது முடித்த பெண்களின் வீடுகளுக்குப் போய் நின்றதுதான். "ரோட்டுக்கு நான் பொறுப்பு. அனுப்புங்க" என்றாள். ஒன்பது வருஷத்தில் பிளஸ் டூ வரை கொண்டுபோய்ச் சேர்த்த பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வாள். ஒருத்தி கிருஷ்ணகிரியில் நர்ஸ், ஒருத்தி வேப்பனப்பள்ளி பக்கம் தபால் ஆபீஸில் இருக்கிறாள். பெயர்களைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரலில் ஒரு மிதப்பு வரும்.

இப்படிப்பட்டவள் கையாலேயே அந்தத் தப்பு நடந்தது.

ஒவ்வொரு வருஷமும் ராகி முற்றுகிற நேரத்தில் கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். எந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று வனத்துறை ஆட்கள் செய்தி அனுப்புகிற வாட்ஸ்அப் குழுவில் முனிலட்சுமியும் இருக்கிறாள். அதைக் கேட்டு வழியை மாற்றிக்கொள்வாள். மாற்றிய வழியை, ஊரில் பெண் பிள்ளை வைத்திருக்கும் அப்பா அம்மாக்களும் பள்ளி ஆசிரியர் சுகுணாவும் இருக்கிற இன்னொரு குழுவில் தன் குரலில் பதிவு செய்து போடுவாள். பிள்ளைகளைப் பற்றி வீட்டில் கவலைப்படக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. போன நவம்பரில் ஒரு நாள் போட்டது இது:

"எல்லாருக்கும் வணக்கம்ங்க, முனிலட்சுமி பேசுறேன். சானமாவு காட்டுல முப்பத்தஞ்சு யானை நிக்குதுன்னு சொல்றாங்க. அதுல நாலஞ்சு நம்ம ரோட்டுப் பக்கமே வந்திருக்குது. அதனால நான் கல்குவாரி வழியா சுத்திப் போறேன். பத்து நிமிஷம் லேட்டாவும். யாரும் பயப்பட வேணாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். பெண்கள் வேப்ப மரத்தடியில், பின்னால். ஒருவர் செல்போனை உயர்த்திப் பிடித்து அந்தப் பதிவைப் போட்டார். முனிலட்சுமியின் குரலே கோயில் வாசலில் கணீரென்று ஒலித்தது. 'நம்ம ரோட்டுப் பக்கமே வந்திருக்குது' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் விரும்பவில்லை. யானை போகிற வரைக்கும் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாம். முடிவு ஆகிவிட்டது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"பசங்க?" என்று மரத்தடியிலிருந்து முனிலட்சுமி கேட்டாள்.

"பசங்க பைக்ல போயிடுவாங்க."

"பைக்கப் பாத்தா யானை சல்யூட் அடிச்சி வழி விடுமா?"

சிரிப்பு எழுந்தது. சிரித்துவிட்டு அவரவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அவள் விடவில்லை. முன்னால் வந்து, லாவண்யாவின் அப்பா பாஸ்கரனை மறித்தாள். பாஸ்கரன் தேனிப் பக்கத்துக்காரர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓசூருக்கு லேத் வேலைக்கு வந்து, வாடகை குறைச்சல் என்று இந்த ஊரில் குடியேறியவர். குடி கிடையாது, அதிர்ந்து பேச மாட்டார், மகள் மேல் உயிர். ஊரில் நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். அந்த நல்ல மனுஷன் சொன்னார்:

"யம்மா, நானா சொன்னேன்? நீங்கதான சொன்னீக, முப்பத்தஞ்சு யானைன்னு. பொட்டப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரியிறேன்."

"உங்க கௌதமும் அதே ரோட்லதானேண்ணா பாலிடெக்னிக் போறான்?"

"அவன் ஆம்பளப் பய. ஓடியாச்சும் தப்பிச்சுக்கிருவான்."

லாவண்யா பிளஸ் டூ, பயாலஜி குரூப், வகுப்பில் முதல் இடம். பள்ளி விளையாட்டு விழாவில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் கோப்பை வாங்கியவள். அந்தக் கோப்பை பாஸ்கரனின் வீட்டு டி.வி. மேலேயே இருக்கிறது. கௌதம் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன். இதையெல்லாம் அங்கே சொல்ல முனிலட்சுமிக்கு வாய் வரவில்லை. தன் குரலைக் கொண்டே தன் வண்டியைக் காலி செய்துவிட்டார்களே என்கிற அடி அவளை உட்கார வைத்துவிட்டது. ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். போன இடத்தில் எல்லாம் அதே பதில்: "நீதானே சொன்னே." அதற்குப் பிறகு அவள் எந்தக் குழுவிலும் ஒரு வார்த்தை பேசிப் போட்டதில்லை. காலையில் ஹாரன் அடிப்பதை மட்டும் விடவில்லை.

டிசம்பர் கடைசியில் ரோஸ் கம்பெனி வேன் ஊருக்குள் வந்தது. பிப்ரவரி பதினான்கு வரைக்கும் பூவுக்கு ஏக கிராக்கி. எங்கெங்கோ இருக்கிற காதலர்களுக்கு விமானத்தில் ஏறிப் போகிற ரோஜாக்கள். அதைத் தரம் பிரிக்க, முள் சீவ, கட்டு கட்டச் சின்ன விரல்கள் வேண்டும். வயது கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. "வீட்ல சும்மாத்தானே இருக்குதுங்க" என்று ஊர் பேசிக்கொண்டது. முதலில் சுப்ரியா போனாள். பிறகு ஃபிசா, பிறகு கோயில் தெருப் பெண்கள் இருவரும். சும்மா உட்கார வைத்தது யார் என்று கேட்க ஊரில் ஒரு வாய் இல்லை. இருந்த ஒரு வாயையும்தான் அடைத்தாயிற்றே.

மிச்சம் இருந்தது லாவண்யா ஒருத்தி. வீட்டிலேயே படித்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் பிராக்டிகல் பரீட்சை, மார்ச்சில் பொதுத்தேர்வு. பிராக்டிகலுக்குப் போகாவிட்டால் பன்னிரண்டு வருஷப் படிப்பும் தண்ணீரில் போன மாதிரிதான். பார்மசி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முனிலட்சுமி ஜன்னல் பக்கம் நின்று, "பிராக்டிகலுக்கு மட்டும் எப்பிடியாச்சும் கெளம்பிடு கண்ணு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். லாவண்யா ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர, அவள் கையில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை. ஆட்டோவுக்கு கேஸ் போட ஓசூர் பங்கில் வரிசை நீளும் என்று முனிலட்சுமி அன்றைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பினாள். ஊர் எல்லை ஆலமரத்துக்கிட்டே போனதும் காலே தானாகப் பிரேக்கை மிதித்தது.

பனியில் வெளிச்சம் வெளிச்சமாக ஆடியது. பத்து அப்பாக்கள், பத்து டார்ச். ஒருவர் கையில் சரவெடி, ஒருவர் கையில் தட்டுவதற்கு எண்ணெய் டின். ரோட்டுக்கு அந்தப் பக்கம் முட்டைகோஸ் தோட்டத்தில், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தூரத்தில், நான்கு யானைகள். ஆமாம், நிஜ யானைகள். கறுப்பாக, நிதானமாகக் கோஸைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. இந்தப் பக்கம், ஆட்டோவில் போனவர்களும் ஊரின் மற்றவர்களுமாகப் பதினொரு பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு டிபன் பையோடு வரிசையாக வேனுக்குக் காத்து நின்றார்கள். யானை ஒரு அடி எடுத்து வைத்தால் இங்கே ஒரு வெடி வெடித்தது. அப்பாக்கள் மகள்களைச் சுற்றி வேலி மாதிரி நின்றார்கள். என்ன கரிசனம், என்ன கட்டுப்பாடு! வரிசையின் கடைசியில் பாஸ்கரன், ஐந்து செல் டார்ச்சோடு. அவருக்குப் பின்னால் லாவண்யா.

முனிலட்சுமி இறங்கினாள். நேராகப் பாஸ்கரனிடம் போனாள்.

"இன்னாண்ணா இது?"

பாஸ்கரன் டார்ச்சைத் தரைக்குத் தாழ்த்தினார். "ரெண்டு வாரம்தாம்மா. பூ சீசன் முடிஞ்சதும் நிப்பாட்டிருவேன். வீட்ல சும்மாதான இருக்கா."

"சும்மா யாருண்ணா வெச்சது? பொதங்கெழம அவளுக்குப் பிராக்டிகல்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும். ஆனா அந்த ரோட்ல யானை..." என்று ஆரம்பித்தவரின் பார்வை தோட்டத்துப் பக்கம் போனது.

"சொல்லுங்கண்ணா. யானை? அதோ நிக்குதே, அது இன்னா ஆட்டுக்குட்டியா? இங்க டார்ச்சு வந்துச்சு, பட்டாசு வந்துச்சு, டின்னு வந்துச்சு, வேல வெட்டியெல்லாம் விட்டுட்டுப் பத்து அப்பன் வந்து நிக்கிறீங்க. மூணு மாசமா இந்த டார்ச்சு எங்க இருந்துச்சு? எட்டு மணிக்கு, பளபளன்னு வெயில்ல, ஸ்கூலுக்கு ஏத்தி வுட ஒருத்தருக்கும் கை வரலியா? பூவுக்குன்னா யானை வெலகும், புக்குன்னா வெலகாதா?"

"மெல்லப் பேசுமா, யானை மெரண்டுடப் போவுது" என்றார் லால் பாஷா.

"மெரளட்டும்! அதுக்காச்சும் சூடு சொரண இருக்குதான்னு பாக்கலாம்!"

கத்தியதில் அவளுக்கே மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவமானமாக இருந்தது, ஆத்திரத்தில் அழுகிறவள் என்று இவர்கள் நாளைக்கு அதையும் சொல்லிச் சிரிப்பார்கள். காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு செல்போனை எடுத்தாள். மூன்று மாதமாகப் பேசாத குழுவைத் திறந்து, விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க, முனிலட்சுமி பேசுறேன். மணி அஞ்சே கால். நம்மூரு ஆலமரத்துகிட்ட நாலு யானை நிக்குது. அதுக்கு முன்னாடியே பதினோரு பொண்ணுங்க ரோஸ் கம்பெனி வேனுக்கு நிக்கிதுங்க. அப்பாமாருங்க பத்து பேரு டார்ச்சு புடிச்சு, பட்டாசு வெடிச்சு, பத்திரமா ஏத்தி வுடுறாங்க. அதனால யானை வந்தாலும் பொண்ணுங்கள வெளிய அனுப்பலாம்னு இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு. யாரும் பயப்பட வேணாம்."

விரலை எடுத்தாள். பத்து சட்டைப் பைகளிலும் ஒரே சமயத்தில் 'டிங்' என்றது.

யாரும் போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாரும் நேரிலேயே கேட்டாயிற்று. லால் பாஷாதான் மெதுவாகச் சொன்னார்: "குரூப்ல டீச்சர் இருக்காங்கம்மா. அத அழிச்சுடு."

"அழிக்க மாட்டேன் பாய். நவம்பர்ல நான் போட்டத நீங்க அழிச்சீங்களா? பாதியில நிறுத்தித்தானே கேட்டீங்க. இத முழுசாக் கேளுங்க."

மறுபடியும் பத்துப் பைகளில் 'டிங்'. சுகுணா டீச்சர். பாஸ்கரன் இந்தத் தடவை எடுத்துப் பார்த்தார். ஒரே வரி: 'லாவண்யாவுக்குப் புதன்கிழமை கெமிஸ்ட்ரி பிராக்டிகல், ஒன்பது பத்துக்குள் வந்துவிட வேண்டும்.' போன் வெளிச்சத்தில் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் படித்தார்.

வேன் வந்தது. "ஏறுங்க ஏறுங்க, பூவு நமக்காகக் காத்துக்கினு இருக்காது" என்று டிரைவர் அவசரப்படுத்தினான். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். சுப்ரியா ஏறினாள், அவள் விரல்களில் முள் கிழித்த இடத்தில் பிளாஸ்டர். ஃபிசா ஏறினாள். லாவண்யாவின் முறை வந்தபோது அவள் படியில் கால் வைக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, சண்டை மாதிரி இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்பா, பொதங்கெழம காலைல இந்த டார்ச்ச எடுத்துக்கிட்டு எங்கூட வருவீங்களா?"

பாஸ்கரன் டார்ச்சை அணைத்தார். வா என்றும் சொல்லவில்லை, ஏறு என்றும் சொல்லவில்லை. டிபன் பையை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். இதற்குப் பெயர் சம்மதமா? மகளின் படிப்புக்கு ஒரு அப்பன் வாயைத் திறந்து 'சரி' என்றுகூடச் சொல்ல மாட்டானா? ஆனாலும் இந்த ஊரில் இதற்கு மேல் கிடைக்காது என்று முனிலட்சுமிக்குத் தெரியும். கிடைத்ததை வாங்கிக்கொண்டாள். லாவண்யா அப்பாவின் பின்னால் ஓடினாள். பத்துப் பெண்களோடு வேன் கிளம்பியது. ஜன்னல் வழியாகச் சுப்ரியா கழுத்தைத் திருப்பி, லாவண்யா போகிற திசையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊரில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது, புருஷன் ஊரில் இல்லாத திமிர், வனத்துறை குழுவிலிருந்து அவளைத் தூக்கச் சொல்ல வேண்டும். மகள்களை யானைக்கு முன்னால் நிறுத்தினதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. முனிலட்சுமி இதையெல்லாம் டீக்கடையில் நின்றே கேட்டாள். காசைக் கொடுத்துவிட்டு, "டீ நல்லா இருந்துச்சு, பேச்சுதான் பழசு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

புதன்கிழமை. ஏழு நாற்பது. வழக்கமாகக் கடைசியாக அடிக்கிற வாசலில் அன்றைக்கு முதலில் அடித்தாள்.

பாம், பாம், பாம்.

லாவண்யா வந்தாள். இரட்டைப் பின்னல், தேய்த்த யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு. மூன்று மாதத்தில் யூனிஃபார்ம் தோளில் கொஞ்சம் இறுகியிருந்தது. அவளுக்குப் பின்னால் பாஸ்கரன், லேத் கம்பெனிச் சட்டையில். வெயில் சுள்ளென்று அடிக்கிற அந்தக் காலையில் அவர் கையில் அந்த ஐந்து செல் டார்ச்.

"பகல்ல டார்ச்சு இன்னாத்துக்குண்ணா?"

அவர் அதை நீட்டினார். முனிலட்சுமி வாங்கினாள். டூல் பாக்ஸைத் திறந்து, ரிப்பனுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் வைத்து மூடினாள். "கெடக்கட்டும். அடுத்த நவம்பர்ல கேப்பேன், இல்லன்னு சொல்லக் கூடாது" என்றாள். "கேளுங்க" என்றார் பாஸ்கரன். ஒரு சொல். இரண்டு நாள் கழித்து வந்த சொல்.

பின் சீட்டில் ஐந்து பேர் உட்காருகிற இடத்தில் லாவண்யா வலது ஓரமாக, அவளுடைய பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். மற்ற இடங்களில் பையைக்கூட வைக்கவில்லை. கோயில் தெருவில் இரண்டு வாசல், லால் பாஷா வாசல் என்று வண்டி நின்று நின்று போனது. முனிலட்சுமி அடித்தாள், காத்திருந்தாள், நகர்ந்தாள். ஒரு வாசலிலும் கதவு திறக்கவில்லை. லாவண்யா ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்து அதன் அட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏரிக்கரைத் தெரு. பச்சைக் கதவு. முனிலட்சுமி ஹாரனுக்குக் கையை நீட்டினாள். அதற்கு முன்பே பின்னாலிருந்து ஒரு கை வெளியே வந்து ரப்பர் உருண்டையைப் பிடித்திருந்தது.

பாம். பாம். பாம்.

கதவு படாரென்று திறந்தது. "ஏம்மா, உனக்கு எத்தினி வாட்டி..." என்று துடைப்பத்தோடு வந்த மாரம்மா, ஹாரன் மேல் இருந்த கையைப் பார்த்தாள். கண்ணாடி வளையல், யூனிஃபார்ம் கைமடிப்பு, அதற்கு மேல் தன் மகளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணின் முகம். துடைப்பம் மெதுவாகக் கீழே இறங்கியது.

லாவண்யா கையை எடுக்கவில்லை.

முனிலட்சுமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வண்டியை நியூட்ரலில் போட்டாள்.

"நேரம் இருக்குது கண்ணு," என்றாள். "இன்னொரு தடவ அடி."